மீன் தொட்டிக்கு லீவு கிடையாது

போன வாரம் தினேஷ் போன் செய்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்ட வாட்டர் பிளான்ட்டை இப்போது பார்த்துக்கொள்கிறவன் அவன். பம்பு ஏதாவது மக்கர் செய்கிறதோ என்று நினைத்து எடுத்தேன்.

"ணா, ஒரு சின்ன டவுட்டு. புது பிளாக் ரிசப்ஷன்ல செடி வச்ச மீன் தொட்டி வைக்கணும்னு எச்.ஆர். மேடம் சொல்லிக்கினு கீறாங்க. அதுல ரெண்டு தினுசு கீதாமே? ஒண்ணு கேஸு, லைட்டு, உரம்னு டெய்லி பாத்துக்கினே இருக்கணும். இன்னொண்ணு வச்சிட்டு வுட்டுடலாம். எத வைக்கச் சொல்லட்டும்? இதுல நீதான் எக்ஸ்பர்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்கோ."

எக்ஸ்பர்ட் என்றதும் எனக்குக் காது மடல் சூடேறிவிட்டது. "யோசிச்சு சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி விடவில்லை. "இதுக்கு இன்னா யோசனை? இம்மாம் வருசமா அதத்தான கட்டிக்கினு அழுவுற?" என்றாள். அவள் சொல்வது சரிதான். ஒரே வரியில் முடிகிற பதில்தான். ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நான் படித்தது ஐ.டி.ஐ. பெரியபாளையம் பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, அப்ரென்டிஸாக இந்தக் கம்பெனிக்குள் நுழைந்து, வாட்டர் பிளான்ட்டில் நிலைத்தேன். போர்வெல் தண்ணீர் உப்பு. அதை வடிகட்டி, கேன்டீனுக்குக் குடிநீர் தனியாக, மெஷின்களைக் குளிரவைக்கத் தனியாக, கழிவை மறுபடி சுத்தம் செய்யத் தனியாக என்று குழாய்களோடு போனது என் வாலிபம். அதில் பெருமைப்படவோ வெட்கப்படவோ ஒன்றும் இல்லை. மீன் தொட்டி வந்த பிறகுதான் எல்லாம்.

பிளான்ட் ஹெட்டாக வரதராஜன் சார் வந்தது என் சர்வீஸின் கடைசிப் பகுதியில். அவரைப் பற்றிச் சொல்லாமல் தொட்டியைப் பற்றிச் சொல்ல முடியாது. குரலை உயர்த்தவே மாட்டார். ஹெல்ப்பரைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். முக்கியமான கேள்வி கேட்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். அதைப் பார்த்ததும் நாங்கள் கையைக் கட்டிக்கொள்வோம். திட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு மரியாதைதான் அதிகப் பயம் தரும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அவருக்கு ரிசப்ஷன் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் சோபா. எதிர்ப்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். வருகிறவர்கள் உட்கார்ந்தபடியே, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பைப் பார்க்கலாம் என்று யாரோ வைத்தது. பிரஸ் ஷாப்பில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தகரக் கூரைக்குக் கீழே எண்ணெயும் வியர்வையுமாக ஆட்கள். அந்த ஜன்னலை முக்கால்வாசி மறைக்கிற மாதிரி ஒரு மீன் தொட்டி வைக்கலாம் என்று முடிவாயிற்று. கலர் மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரிலிருந்து ஒரு ஆள் வந்தார். மடிக்கணினியில் படங்களைக் காட்டினார்.

"சார், ரெண்டு டைப் இருக்கு. ஒண்ணு ஹை மெயின்டனன்ஸ். கரியமில வாயு சிலிண்டர், பவர்ஃபுல் லைட், வாரா வாரம் செடி வெட்டணும், தண்ணி மாத்தணும். ஆனா பார்த்தீங்கன்னா கண்ணை எடுக்க முடியாது. இன்னொண்ணு லோ மெயின்டனன்ஸ். மெதுவா வளர்ற செடி. அது பாட்டுக்கு இருக்கும். கொஞ்சம் சாதாரணமா தெரியும்."

சார் கடிகாரத்தைக் கழற்றினார். தண்ணீர் என் இலாகா என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"சேகர், உங்களால பாத்துக்க முடியுமா?"

யாருக்கு இவ்வளவு நேரம் இருக்கிறது, லீவு நாளில் யார் பார்ப்பது, தண்ணீர் எங்கிருந்து வரும் என்றெல்லாம் கேட்டிருந்தால் கணக்குச் சொல்லியிருப்பேன். முடியுமா என்று கேட்டார். அதுவும் ஏசி அறையில், சோபாவில் உட்காரவைத்து. "முடியும் சார்" என்றேன். மீன் தொட்டி வாங்குகிற எல்லாரும் இப்படித்தான் முடிவெடுக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தொட்டிக்கு என்ன தேவை என்று யாரும் பார்ப்பதில்லை. தன்னால் முடியும் என்று காட்டிக்கொள்வதில்தான் குறி.

அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. முன்பக்கம் புல்தரை மாதிரி குட்டைச் செடி. பின்னால் மலைச்சரிவு மாதிரி கல் அடுக்கு. நடுவில் சிவப்புத் தண்டுச் செடிகள். அதற்குள்ளே நீலக்கோடு போட்ட பொடி மீன்கள் கூட்டமாக ஓடும்.

அதற்கு நான் செய்த ஊழியம் இருக்கிறதே! காலையில் வந்ததும் முதல் வேலை சிலிண்டர் வால்வைத் திறப்பது. வாயு வேகமாகப் போனால் மீனுக்கு மூச்சு முட்டும், மெதுவாகப் போனால் செடி வாடும். குமிழி போகிற வேகத்தைக் கண்ணாலேயே பிடிக்க வேண்டும். தொட்டிக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை ஒட்டியிருக்கும். அதில் இருக்கிற மருந்து பச்சையாக இருந்தால் சரி, நீலமானால் வாயு போதவில்லை, மஞ்சளானால் ஆபத்து. உரத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டு கூடினால் கண்ணாடி முழுக்கப் பாசி. செடி வளர்ந்தால் வளைந்த கத்தரிக்கோலால் தலையை வெட்டி, வெட்டிய தலையை இடுக்கியால் திரும்ப மண்ணில் நட வேண்டும். ஒரு வாரம் விட்டால் காடு. சாயங்காலம் விளக்கு அணைந்ததும் வால்வை மூட வேண்டும். இருட்டில் செடி வாயுவைக் குடிக்காது. மூடாவிட்டால் மீன் செத்துப்போகும். விளக்கோடு சேர்ந்து தானாக மூடிக்கொள்கிற வால்வும் உண்டு. அதற்கு அப்போது அனுமதி வரவில்லை. "நீங்க இருக்கீங்களே சேகர்" என்றார் சார். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு வந்தேன்.

வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். போர் தண்ணீர் அந்தச் சிவப்புச் செடிக்கு ஒத்துக்கொள்ளாது. சுத்திகரித்த குடிநீர்தான் வேண்டும். அதைக் கேன்களில் பிடித்துத் தள்ளுவண்டியில் வைத்து ரிசப்ஷனுக்குக் கொண்டுபோக ஒரே வழி, பிரஸ் ஷாப் நடுவில்.

வெயில் காலத்தில் போர் இறங்கிவிடும். கேன்டீன் குழாயில் தண்ணீர் நூலாக வரும். டம்ளரை வைத்துக்கொண்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் நடுவே நான் மீனுக்குக் குடிதண்ணீர் தள்ளிக்கொண்டு போவேன்.

"வழி வுடுங்கப்பா, மீனு மாமா வர்றாரு."

"ணா, அந்த மீனாண்ட சொல்லி எனக்கும் ஒரு ஏசி போஸ்டிங் வாங்கிக் குடேன். நானும் வாயத் தொறந்து மூடிக்கினு சும்மா கெடக்கறேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். யாரும் வண்டியை மறித்ததில்லை, யாரும் ஒரு டம்ளர் கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்கவில்லையே என்பதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சக்கரத்தைப் பார்த்தபடி தள்ளுவேன்.

கிண்டல் செய்யாத ஒரே ஆள் தேவராஜ். கவரைப்பேட்டைக்குப் பக்கத்து ஊர். அவன் அப்பா காலம்வரைக்கும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். இவன்தான் முதலில் பேன்ட் போட்டு வேலைக்கு வந்தவன். அவன் பெண்டாட்டி எஸ்தர் எங்கள் ரிசப்ஷனிலேயே ஹவுஸ்கீப்பிங். இரண்டு பேரும் கான்ட்ராக்ட். தொட்டியின் கண்ணாடியை வெளிப்பக்கம் எஸ்தர் துடைப்பாள், உள்பக்கம் நான் துடைப்பேன். "நம்ம ஊட்டுக்காரரு எங்க நிக்கிறாருன்னு இந்த மீனுக்கு நடுவால பாத்துக்குவேன்ணா" என்பாள். தொட்டி மறைக்காத இடுக்கில் பிரஸ் ஷாப் தெரியும்.

அந்தக் கோடையில் பிரஸ்ஸில் தேவராஜின் வலது கை ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது. அவன் நின்ற வரிசையில் ஃபேன் ஓடாமல் கிடந்து வெகுநாள் ஆகியிருந்தது. வியர்வையில் கையுறை ஊறிப்போய்த் தகடு வழுக்கியிருக்கிறது. பாதுகாப்புக் கமிட்டியில் வாட்டர் பிளான்ட் சார்பில் நான் உறுப்பினர் என்பதால் விசாரணையில் உட்கார்ந்தேன். எங்கள் கம்பெனியில் விசாரணை என்றால் வெள்ளைப் பலகையில் 'ஏன்' என்று எழுதிப் பதில் எழுதுவார்கள். அந்தப் பதிலுக்கு மறுபடி ஏன். மூல காரணம் கிடைக்கிறவரை கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்பது விதி. தேவராஜுக்கு ஒரே ஒரு 'ஏன்' தான் எழுதினார்கள். பதில்: கவனக்குறைவு. டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கை ஆறிய பிறகும் அவனை உள்ளே எடுக்கவில்லை. எஸ்தர் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது.

அதே வருடம் ஆயுத பூஜை. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அது எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அன்று அரை நாள்தான் வேலை. மதியத்துக்குள் எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி சுண்டல் படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். பிறகு மெயினை அணைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டித் தொட்டு எடுக்கும்வரை எந்த மெஷினையும் தொடக்கூடாது. வருடமெல்லாம் உழைத்ததற்கு அதற்கு ஓய்வு. இதில் மேனேஜரிலிருந்து ஹெல்ப்பர்வரை யாரும் சமரசம் செய்ய மாட்டார்கள்.

பூஜைக்குப் பொறுப்பு எலெக்ட்ரீஷியன் முனுசாமி. பெரியபாளையம் பவானி அம்மனுக்கு வருடம் தவறாமல் வேப்பிலை கட்டுகிறவர். அன்று ரிசப்ஷனுக்குப் போனவர் தொட்டியைப் பார்த்திருக்கிறார். மோட்டார் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, மீட்டர் வைத்த சிலிண்டர் இருக்கிறது. மெஷின்தானே? சிலிண்டர் தலையில் சந்தனம் பூசி, வால்வைச் சுற்றிச் சாமந்திச் சரம் கட்டி, குங்குமம் வைத்து, சுவிட்சையெல்லாம் அணைத்து ஓய்வு கொடுத்துவிட்டார். அதற்கும் ஒரு இலையில் பொரி வைத்திருந்தார். மோட்டார் நின்றது, விளக்கு அணைந்தது. வாயுவுக்குச் சுவிட்சு கிடையாது. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் அப்போது பிளான்ட்டில் என் பம்புகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். பூஜை முடிந்ததும் கம்பெனி பஸ் கிளம்பிவிடும் என்பதால், காலையிலேயே எஸ்தரிடம் வால்வைக் காட்டிச் சொல்லியிருந்தேன். ரிசப்ஷன் ஆட்கள் மட்டும் சாயங்காலம்வரை இருப்பார்கள். "விளக்கு அணைஞ்சதும் இத வலது கைப் பக்கமா திருப்பிடும்மா, அவ்ளோதான்" என்றேன். "சரிண்ணா" என்றாள்.

மறுநாள் காலை நான் உள்ளே நுழையும்போது ரிசப்ஷனே அமைதியாக இருந்தது. நீலக்கோட்டு மீன்கள் எல்லாம் வெளுத்துப்போய்ப் புல்தரைமேல் கிடந்தன. சில மேலே மிதந்தன. குடுவை மருந்து மஞ்சள். செடி மட்டும் செழிப்பாக நின்றது. சிலிண்டர் சந்தனமும் பூவுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. எஸ்தர் துடைப்பத்தோடு மூலையில் நின்றாள்.

"மூடலியாம்மா?"

"வந்தேன்ணா. கைய வைக்கப் போனேன். சந்தனம், பூவு எல்லாம் வச்சிருந்தாங்கோ. பூஜ போட்டத தொடக்கூடாதுன்னுவாங்க இல்ல? அதுவும் நான் வேதக்காரி. நான் போய் பூவ அறுத்துட்டு திருப்புனா நாளைக்கி எதுனா ஒண்ணு ஆச்சுன்னா, இவ கைய வச்சா அதான்னு சொல்ல மாட்டாங்களா? முனுசாமி அண்ணன தேடுனேன், அவுரு பஸ் ஏறிட்டாரு. உனக்கு போன் போட்டேன், எடுக்கல."

பஸ்ஸில் எல்லாரும் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு போனதில் எனக்கு மணி கேட்கவே இல்லை. வீட்டுக்குப் போயும் போனை எடுத்துப் பார்க்கவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்தவர் சாமிக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த பெண்ணை எப்படிக் கோபிப்பது?

அந்த வாரம் வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. பத்து மணிக்குக் கான்ஃபரன்ஸ் ஹாலில் விசாரணை. தேவராஜ் விஷயத்துக்கு வராத டிபார்ட்மென்ட் தலைகள்கூட வந்திருந்தார்கள். சார் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். வெள்ளைப் பலகையில் எழுதினார்கள். மீன் ஏன் செத்தது? வாயு அதிகம். ஏன் அதிகம்? மோட்டார் நின்றது, வால்வு திறந்திருந்தது. ஏன் திறந்திருந்தது? எஸ்தர் மூடவில்லை. ஏன் மூடவில்லை?

அந்த இடம் காலியாக இருந்தது. எஸ்தர் வாயைத் திறக்கவில்லை. பூஜையைச் சொன்னால் முனுசாமிக்குக் கெட்ட பெயர், தான் கிறிஸ்தவள் என்பதைச் சொன்னால் வேறு விதமாகப் பேசுவார்கள் என்று பயந்திருப்பாள். கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "சார், அலட்சியம்தான் சார். அவங்க கேட் பாஸை இன்னிக்கே கேன்சல் பண்ணிடறேன்."

எனக்கு உடம்பு கூசியது. ஒரு பொடி மீனுக்காக இத்தனை 'ஏன்' எழுதுகிறார்கள். புருஷன் விரலுக்கு ஒற்றை 'ஏன்' எழுதியதும் இதே பலகையில்தான். இரண்டையும் பார்த்தது அந்த அறையில் நான் மட்டுமில்லை, சாரும்தான். ஆனால் எனக்குத்தான் இருக்கையில் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"சார், அவங்க மூட வந்தாங்க. பூஜை போட்டிருந்ததால தொடலை."

முனுசாமியும் எழுந்தார். "ஆமா சார், நான்தான் வச்சேன். எங்க ஊட்ல அன்னிக்கி அருவாமனையக் கூட எடுக்க மாட்டோம் சார். அந்தப் பொண்ணு தொட்டிருந்தா நானே சண்ட போட்டிருப்பேன்."

சார் என்னைப் பார்த்தார். "அப்ப என்ன சொல்ல வரீங்க சேகர்?"

"இந்தத் தொட்டிக்கு லீவே கிடையாது சார். நம்ம ஆளுங்களுக்கு லீவு உண்டு, பண்டிகை உண்டு, உடம்பு சரியில்லாமப் போறது உண்டு. ஒரு நாள் ஒரு கை வரலைன்னா செத்துப்போற தொட்டியை நாம எடுத்ததே தப்பு. கேஸ் இல்லாத தொட்டி வச்சிருந்தா, கரண்டு நின்னாலும் ரெண்டு நாள் தாங்கும். போர் தண்ணியே போதும். அன்னிக்கி நீங்க கேட்டப்ப நான் முடியும்னு சொல்லியிருக்கக் கூடாது. அவங்க மேல தப்பு இல்ல சார்."

இவ்வளவு நீளமாக ஒரு மேலதிகாரியிடம் நான் பேசியதே இல்லை. சார் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போனார். பிறகு மார்க்கரை வாங்கி, எஸ்தர் பெயரைக் கையாலேயே அழித்துவிட்டு, 'தவறான தேர்வு' என்று எழுதினார்.

"நல்ல பாயின்ட். லோ மெயின்டனன்ஸே வைங்க. கேட் பாஸெல்லாம் கேன்சல் பண்ண வேண்டாம்." கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே? நான் கேக்காத ஆளா, சேகர்?"

மனதாரத்தான் கேட்டார். எனக்குச் சுரீரென்றது. சொன்னால் கேட்பார். இவ்வளவு சுலபமாகக் கேட்பார். அந்த நிமிடமே பிரஸ் ஷாப் ஃபேனைச் சொல்லியிருக்கலாம், தேவராஜைத் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கலாம். டீ வந்தது. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மாடிப்படியில் எஸ்தர் எனக்கு முன்னால் இறங்கினாள். "தேங்ஸ்ணா" என்றாள். பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

"மீனுன்னா உனக்கு நல்லா வாய் வருதுண்ணா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். படியோரம் வைத்திருந்த வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் ஃபேன் விஷயமாகப் பேசத்தான் சார் அறைக்குப் போனேன். "வாங்க சேகர்" என்று எழுந்து நிற்காத குறையாக வரவேற்றார். தொட்டிக்கு என்ன மண் போடலாம் என்று கேட்டுவிட்டு வந்தேன். பிற்பாடு பிரஸ் ஷாப்புக்கு ஃபேன் வந்தது. வெளிநாட்டு ஆடிட்டர் ஒருவர் சொல்லி வந்தது. முனுசாமி மேலே இருப்பவர்களை நச்சரித்து நச்சரித்துத் தேவராஜைப் பேக்கிங்கில் சேர்த்துவிட்டார். இரண்டிலும் எனக்குப் பங்கில்லை.

புதுத் தொட்டி வைத்தேன். சோழவரம் ஏரி வண்டலைச் சலித்து அடியில் போட்டு, மேலே கழுவிய மணல். பின்னால் நாடா மாதிரி நீளமாக வளர்கிற செடி, ஒரு மரக்கட்டையில் நூலால் கட்டிய தடித்த இலைச் செடி. உப்புத் தண்ணீருக்கு அஞ்சாத கப்பி மீன்கள். சிலிண்டர் இல்லை, உரம் இல்லை, மங்கலான ஒரு விளக்கு. எப்போதாவது ஒரு வாளித் தண்ணீர் மாற்றினால் போதும். கப்பிகள் குட்டி போட்டுப் பெருகின. வந்தவர்கள் யாரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கவில்லை. தள்ளுவண்டிக்கு வேலை போனது. பிரஸ் ஷாப் வழியாக நான் போவதும் நின்றது. நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தப் பக்கம் போனால் தொட்டியைப் பார்க்காமல் கடந்துவிடுவேன். படிக்கட்டில் கேட்ட வார்த்தை ஞாபகம் வரும்.

பிறகு ஓய்வு பெற்றேன். கேன்டீனில் சால்வை, மாலை, மிக்சர். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒரு குட்டி யானை வண்டி வந்து நின்றது. தேவராஜும் முனுசாமியும் பிரஸ் ஷாப் ஆட்கள் சிலரும் குதித்தார்கள். பெரிய கண்ணாடித் தொட்டியை இறக்கினார்கள். பின்னாலேயே விளக்கு, மோட்டார், சிலிண்டர், வளைந்த கத்தரிக்கோல்கூட. எஸ்தர் கடைசியாக ஒரு பாலித்தீன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். உள்ளே நீலக்கோட்டு மீன்கள்.

"இன்னாம்மா இது?"

"எல்லாரும் சேந்து போட்டதுண்ணா. அந்தப் பழைய தொட்டி மாதிரியே வேணும்னு கொளத்தூர்ல ஒரு கடை வுடாம அலைஞ்சோம். மண்ணு தொட்டி வச்சதுலருந்து நீ அந்தப் பக்கம் திரும்பிக் கூடப் பாக்கறதில்ல. மொகமே செத்துப்போச்சு. எனக்கோசரம்தான அத வுட்டுக் குடுத்துட்ட? எனக்கு மனசு ஆறவே இல்லண்ணா."

தேவராஜ் தொட்டியைத் தட்டிப் பார்த்தபடி கேட்டான். "சைசு போதுமாண்ணா? பத்தலன்னா சொல்லு, மாத்திக் குடுப்பாங்கோ."

நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் அதை ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். இத்தனை வருடம் நான் குத்தல் என்றே நினைத்திருந்த அந்தப் படிக்கட்டு வார்த்தையை அவள் நன்றியாகத்தான் சொன்னாளா? அவளிடம் கேட்க முடியுமா? எதுவாக இருந்தாலும் என் தலை நிமிரவில்லை. அவளுக்காக நான் ஒரு பெரிய ஆசையைத் துறந்ததாக அவள் நம்புகிறாள். நான் அன்று கொடுத்தது எனக்குப் பாரமாக இருந்த ஒரு பொருள். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. அது அவள் புருஷனுக்காக ஒரு வார்த்தை.

அந்தத் தொட்டி இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. காலையில் வால்வைத் திறக்கிறேன், சாயங்காலம் மூடுகிறேன், ஞாயிறுதோறும் செடி வெட்டுகிறேன். மகள் வீட்டுக்குப் போனால் அன்றே திரும்பிவிடுகிறேன். "அத யார்னா கைல குடுத்துட்டு நிம்மதியா இரேன்யா, பேஜாரு புடிச்ச வேல" என்கிறாள் மனைவி. ஆயுத பூஜை அன்று மதியம் எஸ்தர் போன் செய்வாள். "ணா, வால்வ மூடிட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள்.

நேற்று தினேஷைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "மண்ணு போட்டு, கப்பி வுட்டு, அப்பிடியே வுட்டுடுப்பா. கேஸு, கீஸு எதுவும் வேணாம்."

"சரிண்ணா. உன் ஊட்லயும் அதான வச்சிக்கினு கீற?"

"இல்லப்பா. எங்க ஊட்ல கேஸு தொட்டி."

"ஏண்ணா? எங்களுக்கு மட்டும் வேணான்ற?"

சொல்வதா வேண்டாமா என்று நின்று, சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு எஸ்தரும் தேவராஜும் கேக் கொண்டுவந்தார்கள். தேவராஜ் தொட்டியை விட்டு நகரவே இல்லை. "செவப்புச் செடி இன்னாமா வந்துகீது பாரு எஸ்தரு" என்று கண்ணாடியில் கையை வைத்துக் காட்டினான். வலது கை. பாதி விரல். தீனி போட வந்த கை என்று நினைத்து மீன்கள் எல்லாம் அந்த விரலுக்கு எதிரே வந்து கூடின. "பாத்தியாண்ணா, என்னக் கண்டுக்கிச்சுங்க" என்று அவன் குழந்தை மாதிரி சிரித்தான்.

"எல்லாம் நீங்க குடுத்தது" என்றேன் தேவராஜிடம். அதற்குமேல் அன்றும் எனக்கு வாய் வரவில்லை.